ரப்பருக்கு இருந்த வீடு

எங்கள் தோட்டத்தில் நனையாத வீடுகள் இரண்டுதான். ஒன்று துரையின் பங்களா. இன்னொன்று ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்தும் புகைவீடு. கூலிக்காரர்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மழையும் அதை வீடாக மதித்ததில்லை.

மலாயாவில் கமுந்திங் பக்கத்து மழையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மத்தியானம் மலையிலிருந்து இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இறங்கினால் திரும்பிப் போக அதற்கு மனசே வராது. பாய் ஈரம், தலையணை ஈரம், உப்புச் சட்டியில் தண்ணீர். பிள்ளை பெற்று முப்பது நாள் ஆன பச்சை உடம்போடு நான் அந்த ஈரத்தில் கிடந்தேன்.

இது போதாதென்று ஒரு டாக்டர் வந்தார். டவுனிலிருந்து காரில் வந்து, லயத்துக்காரர்களுக்கு நோய் வருவது காற்றோட்டம் இல்லாததால்தான் என்று கண்டுபிடித்துவிட்டுப் போனார். துரை உடனே தச்சனை அனுப்பி, எல்லா வீட்டிலும் கூரைக்குக் கீழே ஒரு முழம் பலகையை அறுத்தெடுக்கச் சொன்னார். காற்று வந்தது. வரும்போது சாரலையும் கூட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் கோணிச் சாக்கை வைத்து அடைத்தோம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாரம் ஒருமுறை குடையோடு வந்து, சாக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டுப் போவார். குடைக்குள் நடப்பவருக்குக் காற்றின் அருமை நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் கணப்புச் சட்டி வைக்கவும் தடை. பலகை வீடு பற்றிக்கொள்ளுமாம். பற்றிக்கொள்ள அதில் காய்ந்த பலகை எங்கே இருந்தது?

என் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு இழுக்கும்போது விலாவெல்லாம் உள்ளே போய் வந்தது. கை கால் சில்லிட்டு, அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரெசர் ஒரு மருந்தைக் கொடுத்து, பிள்ளையைக் கதகதப்பாக வைத்துக்கொள் என்றார். எங்கே வைப்பது என்று சொல்லவில்லை.

புகைவீட்டில் தீ போடுகிறவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். ஷீட்டில் ஒரு பொட்டுப் பூஞ்சணம் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் பாயில் பச்சையாகப் பூத்திருந்த பூஞ்சணத்தின் மேல் படுத்து நிம்மதியாகக் குறட்டை விடுவார். அப்படி ஒரு பொறுப்பான மனுஷர்.

அன்று பகலில் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புகைவீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மறித்தார்.

"ஈரத்தோட உள்ள வராத புள்ள. ஷீட்டு கெட்டுரும்லா."

அவரை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்தச் சூடு உடம்பில் பட்டதும் எனக்கு அழுகை வந்தது. ரப்பருக்கு இவ்வளவு சுகமா என்று பொறாமையாகவும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் பாதம் வெதுவெதுப்பானது. இரண்டு நாளாக அழாதவள் வாய் திறந்து அழுதாள்.

அழுகை கேட்டோ என்னவோ, துரையும் கிராணியும் வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்: "ஷீட்ட தொடலைங்க தொரே."

துரை முதலில் சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிள்ளைக்குப் புகை காட்டுவது மூடநம்பிக்கை, அதற்கு வேண்டியது நல்ல காற்று என்று கிராணி எனக்கு விளக்கினார். கதவு திறந்திருப்பதால் சூடு வீணாகிறது, சாத்தச் சொல்கிறார் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு, கதவைச் சாத்தினார். இடுக்கில்லாமல், நன்றாகவே சாத்தினார்.

மழையில் வீட்டுக்கு வந்தேன். சாக்குகள் சொதசொதவென்று தொங்கின. அந்த வீட்டில் காய்ந்திருந்த துணி ஒன்றே ஒன்று, டிரங்குப் பெட்டியில் இருந்த என் கூறைப் புடவை. அதை நாலாக மடித்து, அம்மிக் குழவியால் ஆணி அடித்து, அந்த ஒரு முழத்தை அடைத்தேன். கணப்பும் மூட்டினேன். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கிராணி வந்தார். மேலே பார்த்தார். சாக்கைப் பிடுங்கச் சொல்லிப் பழகிய வாய், தாலி கட்டிக்கொண்டவளின் கூறைப் புடவையைப் பிடுங்கச் சொல்லத் தயங்கியது. அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி இருந்தாள். கணப்பைப் பார்த்தும் பார்க்காததுபோல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்து நாளில் மகள் தேறிவிட்டாள். தேறியதால், கதவைச் சாத்தியதில் தப்பே இல்லை என்று ஆகிவிட்டது என் வீட்டுக்காரருக்கு. "நாந்தான் நெனச்சேனே, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு," என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மழை விட்டதும், புடவையைக் கழற்றித் துவைத்துப் பெட்டியில் வை, நாள் கிழமைக்குக் கட்டலாம் என்றார். கழற்றினேன். துவைத்தேன். நாலாகக் கிழித்து, அதில் ஒரு துண்டை வாசலில் கால் துடைக்கப் போட்டேன். தினமும் புகைவீட்டிலிருந்து வந்து அதில்தான் காலைத் துடைத்தார். ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை.