பள்ளத்துத் தெருவும் ஏரி மதகும்

அம்பத்தூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஏரியைச் சீரமைக்க அரசு பணம் ஒதுக்கியபோது, வீடு வீடாக இனிப்பு கொடுத்தோம். அதற்காக மனுவோடு அலைந்தவர்களில் நானும் ஒருத்தி. தூர்வாரினார்கள், கரையை உயர்த்தினார்கள். சாக்கடைக் கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் இரும்பு மதகு வைத்து அடைத்தார்கள். கோடையில் தண்ணீர் தெளிந்து கிடந்தது.

பிறகு மழை விடாமல் கொட்டியது. ஏரிக்குள் போக வழியில்லாத சாக்கடை, பக்கத்துப் பள்ளத்துத் தெருவுக்குள் ஏறியது. காலையில் அந்தத் தெருக்காரர்கள் கடப்பாரையோடு மதகுக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் சிலர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றோம்.

முன்னால் நின்றவர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுபவர். ஏரிக்காக நாங்கள் போட்ட கூட்டங்களுக்கெல்லாம் வந்தவர்.

"நகந்துக்கோக்கா," என்றார்.

"திறந்தா ஏரி மொத்தமும் பாழாயிடும்ணே."

"ஊட்டுக்குள்ள முட்டிவரைக்கும் நிக்குது. ஏரிக்கு மட்டுந்தான் துட்டா? நாங்க இன்னா பண்றது?"

போலீசைக் கூப்பிடுவதாக எங்களில் ஒருவர் போனை எடுத்தார். யாரோ தட்டிவிட, அது சேற்றில் விழுந்தது. கடப்பாரைகள் நெருங்கின. நான் அவசரமாக மாநகராட்சிப் பொறியாளரைப் போனில் அழைத்தேன். பம்பு லாரி வருகிறது, மதகைத் தொடக்கூடாது என்றார். எப்போது வரும் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

"நீ வந்து பாரு," என்றார் லேத்காரர்.

போனேன். அவர் வீட்டில் கறுத்த தண்ணீரில் நாற்காலி மிதந்தது. கட்டில்மேல் அடுப்பும் அரிசி டப்பாவும். பக்கத்தில் கால்களை மடக்கியபடி அவர் மனைவி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "உக்காரச் சொல்ல எடமில்லக்கா," என்றாள்.

திரும்பி வந்து என் ஆட்களிடம், "திறக்கட்டும்" என்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மதகைத் தூக்கியதும் கறுத்த சாக்கடை அப்படியே ஏரிக்குள் இறங்கியது.

மதியத்துக்குள் தெரு வடிந்தது. வாரம் முடிவதற்குள் மீன்கள் செத்துக் கரையொதுங்கின. வாரிப் புதைக்க லேத்காரர் வந்தார். எங்கள் குழுவில் பாதிப்பேர் வரவில்லை.

அடுத்து வரும் பணத்தில் ஏரியைச் சுற்றி நடைபாதை போடுவதாக இருந்தது. முதலில் அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமென்று அவரும் நானும் சேர்ந்து மனு கொடுத்தோம். இப்போது தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். குழாய் இன்னும் இறங்கவில்லை. நேற்று சாயங்காலம் மழை பிடித்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

"தண்ணி இன்னும் ஏறலக்கா," என்றார். "பாத்துகினு கீறோம்."