போலி என்று நான் சொன்ன கைக்கடிகாரம்

அசலான ஒரு பொருளைப் போலி என்று ஒருவரிடம் பொய் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். போன வருடம், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தை ஒட்டிய வீட்டில் நடந்தது இது.

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. எம்.ஏ. படித்துவிட்டு, போடியில் அப்பா நடத்திய ஏலக்காய் வியாபாரத்துக்கு வந்தவன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மலையிலிருந்து வரும் காயைக் கையில் கொட்டிப் பார்த்ததும் முதலில் ஒரு குறை சொல்ல வேண்டும். நிறம் பத்தாது, வெடிப்பு இருக்கிறது, ஈரம் போகவில்லை என்று ஏதாவது. விற்பவரும் சளைக்காமல் பதில் சொல்வார். கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டே ஒரு விலைக்கு வருவோம். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை.

என் தங்கை மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் என்றால் அவனுக்கு உயிர். அந்தப் பைத்தியத்தை அவனுக்கு ஒட்டவைத்ததே நான்தான். தாய்மாமன் சீரில் அப்படி ஒன்றை வைக்க ஆசைப்பட்டேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஒன்று இருப்பதாக, எங்களுக்குக் காய் ஏற்றிவரும் ஜீப் டிரைவர் சொன்னார். பலர் கேட்டும் கொடுக்காதவர், கல்யாண மாப்பிள்ளைக்கு என்றதும் சம்மதித்தாராம்.

மலை ஏறிப் போனேன். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தார்.

"எம் பொண்டாட்டி வாங்கிக் குடுத்தது மொதலாளி. கல்யாணமான புதுசுல, காய் எடுத்த கூலியைச் சேர்த்து வச்சு, மதுரைக்குப் போயி அவளே வாங்கியாந்தா. அவ போயிட்டா. எனக்குக் கை நடுக்கத்துல சாவி குடுக்க முடியல. மகனுக்கு செல்போனு போதுமாம். சும்மா கெடக்குறதுக்கு ஒரு மாப்பிள்ளை கையில ஓடட்டும்."

பின்மூடியைத் திறந்து பார்த்தேன். அசல். எந்தக் கடைக்காரனும் கைவைத்து எதையும் மாற்றாத அசல். மனசு துள்ளியது. வாய் மட்டும் பழக்கத்தில் வேறு சொன்னது.

"அண்ணே, இது கம்பெனி வாட்ச் இல்லையே. டூப்ளிகேட்டுல்ல இது."

சொல்லிவிட்டு அவருடைய பதிலுக்குக் காத்திருந்தேன். வாழ்நாளில் எதையும் விற்றுப் பழகாத மனிதர் அவர் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் முகம் வாடிப்போனது.

"அப்ப, அவ ஏமாந்துட்டாளா?"

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அந்தக் காலத்துல இப்படி நெறைய வித்தாங்கண்ணே" என்று மேலும் ஒரு பொய்யைச் சேர்த்தேன்.

பணத்தை எடுத்தபோது என் கையைத் தள்ளிவிட்டார். "போலிக்கு எப்படிங்க காசு வாங்குறது? ஆசையா வந்துட்டீக, கொண்டு போங்க. மாப்பிள்ளைகிட்ட மட்டும் விசயத்தைச் சொல்லிருங்க."

ஒப்புக்கு ஒருமுறை வற்புறுத்தினேன். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். இறங்கும் வழியெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இதை எழுத இப்போது கூசுகிறது.

கல்யாணத்தில் மருமகன் அதைக் கட்டிக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் காட்டினான். பின்பு விருந்துக்கு வந்தபோது, "இதைக் குடுத்தவரைப் பார்க்கணும் மாமா, கூட்டிட்டுப் போங்க" என்று பிடிவாதம் பிடித்தான். மழை, மூட்டம் என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. மனைவியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டான்.

பெரியவர் மருமகனின் மணிக்கட்டைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்த அவன் முன்னால் கையைக் கூப்பினார்.

"தம்பி, மாமா சொன்னாகளா? அது போலியாம். இத்தனை வருசமாத் தெரியாம வச்சிருந்துட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக."

"போலியா? அசல்தாங்கய்யா இது! யார் சொன்னது?" என்றான் மருமகன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனும் பார்த்தான்.

"அன்னைக்கு நான் கண்ணாடி போடாமப் பார்த்துட்டேன் அண்ணே" என்றேன். அப்போதும் பொய்.

அவர் சிரித்தார். "எம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீக மொதலாளி. பரவால்ல, விடுங்க."

என்னை நல்லவன் என்று நினைத்து எனக்கே ஆறுதல் சொல்கிறார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லண்ணே. அசல்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். வெலையைக் கொறைக்கத்தான் பொய் சொன்னேன்."

அவர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ரெண்டு மாசமா அவளை வஞ்சுக்கிட்டே கெடந்தேனே. வெவரங்கெட்டவளே, பாடுபட்ட காசைக் கொண்டுபோயி எவன்கிட்டயோ குடுத்துட்டு வந்தியேன்னு."

மருமகன் கடிகாரத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான். நான் அன்று கொடுத்திருக்க வேண்டிய பணத்தை நீட்டினேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"காசு வேணாம். இது என்ன வெலை போகும்? அதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். விற்பவர் ஒருவரிடம் ஒரு பொருளின் முழு மதிப்பை ஒரே வார்த்தையில் நான் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் பக்கத்து வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"ஏ ஆத்தா, வெரசா வா! மொதலாளி சொல்றதைக் கேளு. இன்னொருக்கா சொல்லுங்க மொதலாளி, சத்தமா."

மறுபடி சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும், பக்கத்து வீட்டிலிருந்து வந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க அக்காவையா ஏமாத்த முடியும்? பேரம் பேசிக் கருவாட்டுக்காரனையே அழ விட்டுருமே அது!"

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். பிறகு மருமகனின் கையை நீட்டச் சொல்லி, கடிகாரத்தைத் தானே கட்டிவிட்டார். விரல்கள் நடுங்கியதால் வாரை மாட்ட வெகுநேரம் ஆனது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

என்னிடம் அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. மருமகன் பழையபடி "மாமா" என்று சிரித்துக் கூப்பிடச் சில மாதங்கள் ஆயின.

அதன்பிறகு நான் தனியாகவே மலைக்குப் போய்வருகிறேன். முதல் முறை என்னை வெகுநேரம் வாசலிலேயே நிற்கவைத்து, அப்புறம்தான் "உள்ள வாங்க" என்றார். இப்போது பால் ஊற்றாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்து, மனைவியைப் பற்றி நிறையப் பேசுகிறார். அவள் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால், செத்துப்போன மனைவியை அவர் ஏமாளி என்று எண்ணிக் கிடந்த அந்த நாட்களை மட்டும் அவருக்கோ அவளுக்கோ என்னால் திருப்பித் தர முடியாது.