கவாத்துக் கம்பும் என் வாயும்

தேயிலை ஃபாக்டரியில் பாய்லருக்குத் தீ போடுகிறவன் நான். என் வேலை எரிப்பது, பேசுவது அல்ல. அன்றைக்கு மட்டும் அது எனக்கு ஏன் மறந்துபோனதோ தெரியவில்லை.

ஹெட் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பாய்லருக்கு மரம் வெட்டியது போதும், இனிமேல் செடிக் கழிவை அழுத்திக் கட்டையாக்கி எரிக்கலாம், பூமிக்கு அதுதான் நல்லது என்று மலையாள வாடையோடு விளக்கினார். "இவிடெ சும்மா கிடக்கிற கழிவு ஏதாச்சும் உண்டோ?" என்று கேட்டார். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி, "கவாத்துக் கம்பு மலையாக் கெடக்கு சார்" என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சும்மாவா கிடக்கிறது? சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிடுவதுதான் கவாத்து. வருடத்துக்கு ஒரு சரிவு என்று முறை வைத்து வெட்டுவார்கள். இலையும் சிறு குச்சியும் அங்கேயே மக்கி மண்ணுக்குப் போகும். தடித்த கம்புகளை எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் கட்டித் தூக்கிப் போவார்கள். எந்தச் சட்டத்திலும் அது இல்லை. சூப்பர்வைசர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வார், அவ்வளவுதான். கவாத்து முடியவும் மழை பிடிக்கவும் சரியாக இருக்கும். மழைக்காலம் முழுக்க லயத்தில் வெந்நீர் அந்த விறகில்தான்.

என் மனைவி கொழுந்து எடுக்கிறவள். பகலெல்லாம் மழையில் நின்றுவிட்டு வந்தால் அவளுக்கு விரல் மடங்காது, முழங்கால் நீட்ட வராது. இரண்டு குடம் வெந்நீர் ஊற்றினால்தான் மறுநாள் காட்டுக்குப் போவாள். காஸ் சமையலுக்கே இழுத்துப் பறிக்கிறது. எனக்கென்ன, பாய்லர் பக்கத்து டிரம்மில் எப்போதும் வெந்நீர் இருக்கும். ஃபாக்டரியிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

கவாத்து தொடங்கியதும் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு கம்பையும் யாரும் எடுக்கக் கூடாது. அன்று கம்பு கட்டக் கொண்டுபோன கயிற்றை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்தாள் மனைவி.

"எந்த வெளங்காத பய சொல்லிக் குடுத்தானோ. அவன் பொண்டாட்டி பச்சத் தண்ணியில குளிச்சு வெறைக்கணும்" என்றாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் எனக்கே எரிகிறது. கம்பு காய்ந்தால்தானே கட்டையாகும்? மேலே எந்நேரமும் மஞ்சும் மழையும். அதனால் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி, வளைவு வளைவாக அடிவாரத்துப் போடிக்கு இறக்கி, அங்கே வெயிலில் காயவைத்துப் பொடித்து அழுத்தினார்கள். அந்தக் கட்டை மறுபடி லாரியேறி, டீசலைக் குடித்துக்கொண்டு மலைக்கு வந்தது. வந்ததைச் சுவரில்லாத கொட்டகையில் அடுக்கினார்கள். நாலே நாளில் ஈரம் குடித்து உப்பி, தொட்டால் புட்டுமாவாக உதிர்ந்தது. அதைப் பற்றவைக்க நான் பழைய யூகலிப்டஸ் விறகையே தூக்கிப் போட்டேன். மரத்தைக் காப்பாற்ற வந்த கட்டைக்கு மரத்தை எரித்துக்கொண்டிருந்தேன்.

ஃபாக்டரி ஆபீசரிடம் சொன்னேன். "பழகினா சரியாகும்" என்றார். "யாரு சார் பழகணும், மழையா?" என்று கேட்டேன். அவர் ஃபோனைப் பார்த்தார். மறுவாரம் வாசலில், பூமியைக் காக்கும் ஃபாக்டரி என்று பச்சை பெயின்டில் ஒரு போர்டு வந்தது.

செடியை எரிப்பதில் எனக்கு விரோதமில்லை. வெட்டினால் மறுபடி வளரும் என்று அந்த அதிகாரி சொன்னதும் வாஸ்தவம்தான். ஆனால் இலை, குச்சி வரை வழித்து லாரியில் ஏற்றிவிட்டு எதை வைத்து வளரச் சொல்கிறார்கள்? முதல் பெருமழையிலேயே அந்தச் சரிவிலிருந்து ஓடை செக்கச்செவேலென்று இறங்கியது.

நடுமழையில் அதே அதிகாரி ஐந்தாறு விருந்தாளிகளைக் கூட்டி வந்தார். ஃபாக்டரி முற்றத்தில் கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என் மனைவியும் நின்றாள். அதிகாரி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

"இந்த ஐடியா தந்தது நம்ம பாய்லர் சேட்டனாக்கும்."

விருந்தாளிகள் கை தட்டினார்கள். வரிசையில் யாரும் தட்டவில்லை. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் சாக்கைத் தராசில் தூக்கி வைத்தாள்.

சாயங்காலம் வழக்கம்போல டிரம்மில் மொண்டு குளித்துவிட்டே வீட்டுக்குப் போனேன். அந்தப் புத்தியை எதால் அடிப்பது? லயத்தின் பின்னால், தகரம் அடைத்த மறைப்புக்குள் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். பல் தந்தியடிக்கிற சத்தம் வெளியே கேட்டது.

"ஏ புள்ள, நான் யோசிக்காம வாய விட்டுட்டேன்" என்றேன்.

சொம்பு நின்றது.

"அன்னைக்கு ஒருத்தன் பொண்டாட்டிக்குச் சாபம் விட்டேன்ல" என்றாள் உள்ளேயிருந்து. "நல்லாப் பலிச்சிருச்சு."

மறுபடி தண்ணீர் விழுந்தது.