நாற்பத்தொன்றாம் கடிதத்தின் பச்சைப் புள்ளிகள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், பதிப்பகத்தில் என் மேஜையில்.

காலமான பெரிய கவிஞர் ஒருவர் வெளியூரிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றாம் கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார்: ‘வரப்போகும் என் புத்தகத்தில் பத்தொன்பது கவிதைகள் உன்னுடையவை. அதற்காக உன் பெயரைப் போட முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு கவிஞர் போதும்.’ படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொகுப்பைப் படித்துவிட்டு அவர் மகன் போன் செய்தார்.

“அந்தக் கடிதத்தை எடுத்துடுங்க. இல்லேன்னா புத்தகத்துக்கு அனுமதி கிடையாது.”

“அது உங்க அம்மாவுக்குச் சேர வேண்டிய பேர் சார்.”

“அம்மா போய் ஒன்பது வருஷமாச்சு. யார் வந்து கேக்கப் போறாங்க?”

பதிப்பாளரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, அச்செடுத்த தாளில் சிவப்புப் பேனாவால் கடிதம் முழுவதையும் அடித்தேன். மணி 2.50. அறையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

3.10க்குத் திரும்பினேன். அடித்த ஒவ்வொரு வரிக்கும் அடியில் புள்ளிகள்... பச்சைப் பென்சிலில்.

புரூஃப் பார்த்து அச்சுப்பிழை திருத்துபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடித்த வரிக்கு அடியில் புள்ளி வைத்தால், ‘அடித்தது தப்பு, அப்படியே இருக்கட்டும்’ என்று பொருள். அடுத்த அறையில் புரூஃப் பார்க்கும் அண்ணன் மேல் பாய்ந்தேன்.

“என் தாள்ல ஏன்ணே கை வெச்சீங்க?”

“நான் எங்க வெச்சேன்? சாவி உன்கிட்டதானே இருக்கு?”

என் பையில்தான் இருந்தது. எங்கள் ஆபீஸில் பச்சைப் பென்சிலே கிடையாது.

புதிதாக அச்செடுத்தேன். மறுபடியும் அடித்தேன். இழுப்பறைக்குள் வைத்து மூடி, எதிரிலேயே உட்கார்ந்தேன்.

3.32.

டக்...

டக்... டக்...

இழுப்பறைக்குள்ளிருந்து.

திறந்தேன். சத்தம் நின்றது. தாள் கிழியும்படி அழுத்திய புள்ளிகள். கடைசி வரிக்கு மட்டும் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

டக்.

அதற்கும் விழுந்தது.

பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அந்த மகன் மேல், அந்தக் கவிஞர் மேல், இரண்டு தடவை அடித்த என் கை மேல். மகனுக்குப் போன் போட்டேன்.

“நான் அடிச்ச கடிதத்துக்கு அடியில யாரோ புள்ளி வெச்சிருக்காங்க சார்.”

அவர் குரல் தாழ்ந்தது.

“பச்சையா?”

நான் நிறத்தைச் சொல்லவே இல்லை.

“அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி அச்சகத்துல புரூஃப் பார்த்தாங்க. கடைசி வருஷம் அவங்களுக்குப் பேச்சு நின்னுபோச்சு. அப்பா புத்தகத்துல முதல் பக்கத்துல தன் பேரை எழுதுவாங்க. அப்பா அதை அடிப்பார். அடியில பச்சைப் பென்சிலால புள்ளி வெப்பாங்க. திரும்ப அடிப்பார், திரும்ப வெப்பாங்க. நாங்க அதைக் கிறுக்குன்னு நினைச்சோம்.”

“கடிதத்தை என்ன செய்யட்டும்?” என்று வெடுக்கென்று கேட்டேன்.

“இருக்கட்டும்.”

“அந்தப் பென்சில் இப்ப எங்க சார்?”

“உயிர் போனப்பவும் கைலதான் இருந்துச்சு. பிடுங்கிப் பார்த்தேன். விரல் விடல. அதோடவே புதைச்சிட்டோம்.”