கைப்பிடிக் கம்பி போட்ட அண்ணாச்சி

சென்ற வியாழக்கிழமை மாலை எங்கள் மில் ஆபீசில் நான் பால்கோவாவுக்காகக் காத்திருந்தேன். அன்று சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. பணி ஓய்வு பெற்ற பிறகும், வாய்தாவுக்குப் போய்விட்டு ராஜபாளையம் திரும்பும்போது பழைய சகாக்களுக்கு இனிப்பு வாங்கி வருவதை அவர் விடவில்லை. பால்கோவா வரவில்லை, வாட்ச்மேன்தான் வந்தார். "அண்ணாச்சி மாடிப்படியில விழுந்துட்டாவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணாச்சி எங்கள் மில்லில் ஸ்டோர் கீப்பர். எந்த மெஷினில் எது எப்போது தேயும் என்று பார்த்து, உடைவதற்கு முன்பே மாற்றுப் பாகத்தை அலமாரியில் வைத்திருப்பவர். எண்பதுகளின் தொடக்கத்தில், நாற்பது வயதில், அதே முறையைத் தம் உடம்புக்கும் கையாண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் போகும் வீதிக்குப் பக்கத்தில், ஓய்வுக்காலத்துக்கென்று ஒரு வீடு கட்டினார். வாசலில் படி கிடையாது, சரிவுதான். எங்கள் பக்கம் கல்யாண மண்டபங்களில்கூட அப்போது பார்த்திராத உட்காரும் கக்கூஸ். உள்ளே சுவரோரம் முழுக்க, இடுப்பு உயரத்தில், வழவழவென்று கைப்பிடிக் கம்பி.

பால் காய்ச்சிய அன்று அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழவனைப் போல இருமி நடந்து காட்டினேன். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். என் நகைச்சுவைக்கு இதுவரை கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான். "பாடைக்கும் ஆர்டர் குடுத்தாச்சா அண்ணாச்சி?" என்று வேறு கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சிரிலே, சிரி. பெல்ட்டு அறுந்த பொறவு பெல்ட்டு தேடுறவன் ஸ்டோர் கீப்பரா? எங்களுக்குப் பிள்ளையும் இல்ல. நாளைக்கு முட்டி தேஞ்சா ஒன்னையவா பிடிச்சு நடக்க முடியும்?"

ஓய்வு பெறும்வரை ராஜபாளையத்தில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தார். புது வீடு பூட்டிக் கிடந்தால் பாழாகும் என்று அதை ஒரு பாத்திரக்கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டார். "நீங்க ரிட்டயர் ஆன மறுநாள் சாவி ஒங்க கையில" என்றார் கடைக்காரர். இரும்பும் எலும்பும் எப்போது தேயும் என்று அறிந்த அண்ணாச்சிக்கு, வாக்கு தேய்வது தெரியாமல் போயிற்று. ஓய்வும் வந்தது, சாவி வரவில்லை. அதே வாடகை மாடியிலேயே இருந்துகொண்டு வழக்குப் போட்டார். வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போனது. ஒவ்வொன்றுக்கும் எங்களுக்குப் பால்கோவா. அந்த வழக்கில் பலன் கண்டது கடைக்காரரும் என் தொப்பையும்தான்.

இதற்கிடையில் அவர் எதிர்பார்த்தபடியே முட்டி தேய்ந்தது, அவர் மனைவியான மதினிக்கு. அந்த மாடிப்படியோ செங்குத்து. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. மதினி கீழே இறங்குவதையே விட்டுவிட்டார்.

"இங்கயும் ஒரு கம்பி அடிச்சா என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"அடுத்த வாய்தாவுல தீர்ப்பு வந்துரும்லே. காலி பண்ணப்போற வீட்டுக்கு எதுக்குக் கம்பி?"

அடுப்படியிலிருந்து மதினி சொன்னார்: "அவிய எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிப்பாவ தம்பி. இன்னைக்கு ஒரு நாளை மட்டும் யோசிக்க மாட்டாவ."

மதினியால் இறங்க முடியாததால், வியாழக்கிழமை உடலை மாடிக்கே தூக்கிப் போய்க் காட்டினோம். கீழே, காலையில் கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நின்ற கடைக்காரர், இருப்பதிலேயே பெரிய மாலையோடு வந்து நின்றார். என் காதருகே குனிந்து, "கேசு கிடக்கட்டும் தம்பி. எங்க அப்பா இன்னைக்கும் அந்தக் கம்பியப் பிடிச்சுத்தான் நடமாடுதாவ. மனுசன் எம்புட்டு யோசிச்சுக் கட்டியிருக்காவ!" என்றார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் எனக்கு, அப்போது வாயில் வந்த சொல் எதுவும் அச்சில் ஏறாது.

பிணம் மாடியில் கிடப்பது வீட்டுச் சொந்தக்காரருக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினோம். மேல்படியில் சுவரைப் பற்றிக்கொண்டு நின்ற மதினி அழவில்லை. "பாத்து இறக்குங்க தம்பி. அங்க பிடிக்க ஒண்ணும் கிடையாது" என்றார்.

அண்ணாச்சியின் வலது கை என் தோளில் கிடந்தது. ஒன்னையவா பிடிச்சு நடக்க முடியும் என்று கேட்டவர், கடைசிப் படிவரை என்னைப் பிடித்துத்தான் இறங்கினார்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. மதினி இன்னும் மேலேதான் இருக்கிறார்.