வெறுங்குடம் போட்ட வரிசை

வீட்டாக்களுக்காகக் கரண்டுக் கந்தோரிலை, அதுதான் மின்சாரசபை அலுவலகத்திலை, போய்க் கதைக்கிற வேலைக்குச் சம்பளம் இல்லை. இரண்டு பக்கத்தாலையும் ஏச்சு மட்டும் ஒழுங்காய்க் கிடைக்கும். யாழ்ப்பாண ரவுணிலை சைக்கிள் கடை வைச்சிருந்த என்னை, எண்பதுகளின்ரை நடுவிலை, கரண்டுப் பாவனையாளர் சங்கம் பிடிச்சு இந்தக் கதிரையிலை இருத்திச்சுது. எனக்குத் தொண்டை பெரிசாம், அதுதான் தகுதி.

மங்கல் விளக்கு

முதல் வந்தவ ஒரு ரீச்சர். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அவவின்ரை ஒழுங்கையிலை பல்ப் எல்லாம் செத்த மாதிரித்தான் எரியும். கூட்டிக்கொண்டு போனன். கிளாக்கர் பேப்பரிலை இருந்து தலையை எடுக்கேல்லை. “எரியுதுதானே? பிறகென்ன?” எண்டார். எனக்குக் கோவம் உச்சந்தலையிலை ஏறிச்சுது. உங்களுக்கும் இப்பிடி ஒருத்தர் வாய்ச்சிருப்பார், தெரியுந்தானே?

நான் வாய் திறக்க முதல் ரீச்சர் ஆறுதலாய்ச் சொன்னா: “தம்பி, அது எரியுதோ எண்டு பாக்க நாங்கள் இன்னொரு விளக்குக் கொளுத்த வேண்டிக் கிடக்கு.”

உங்கை போ, இஞ்சை வா

குருநகரிலை மீன் விக்கிற திரேசம்மா ஒருநாள் கடை வாசல்லை வந்து நிண்டா. பைப்பிலை தண்ணி வந்து ஒரு கிழமைக்கு மேலை. அங்கத்தைக் கிணறெல்லாம் உப்பு. மகள் பிள்ளை பெத்து வீட்டிலை கிடக்கிறாள். உப்புத் தண்ணி வாத்து வாத்துக் குழந்தையின்ரை உடம்பெல்லாம் சிவந்து போச்சுதாம்.

தண்ணிப் பகுதிக்கு ஓடினன். “தண்ணி இருக்கு, பம்புக்குக் கரண்டு இல்லை. கரண்டுக் கந்தோருக்குப் போங்கோ” எண்டிச்சினம். அங்கை போனால் இஞ்சினியர் அறையை விட்டு வெளியிலை வரவேயில்லை. பியோனிட்டைச் சொல்லி அனுப்பினார்: “உந்தச் சைக்கிள் கடைக்காரர் வீட்டு விளக்குக்குத்தான் ஆள். பம்ப் வீடில்லை. தண்ணிக் கதை இஞ்சை வேண்டாம்.” கோதாரி விழுவார்! பச்சைக் குழந்தை வேகுது, இவைக்கு எல்லைப் பிரச்சினை.

திரும்பி வந்து இதைச் சொன்னன். திரேசம்மா என்னைத்தான் ஏசினா: “வீட்டுக்கு வாற கரண்டுக்குக் கதைக்கிறியள், வீட்டுக்கு வாற தண்ணிக்கு ஏன் அண்ணை வாய் கட்டிக்கிடக்கு?”

சங்கத்திலை

அண்டு பின்னேரமே சங்கத்தைக் கூட்டச் சொல்லி, தண்ணிக்கும் கதைக்க எனக்கு உரிமை வேணும் எண்டு நிண்டன். தலைவர் பென்சன்காரர், பயந்த மனிசன். “எல்லாத்துக்கையும் தலையைப் போட்டால் உள்ளதும் போயிடும்” எண்டார். மேசையிலை அடிச்சன். அந்தக் குழந்தையைத் தூக்கிவந்து உங்கடை மடியிலை வைக்கட்டோ எண்டு கேட்டன்.

கடைசியிலை தலைவர் இறங்கி வந்தார். ஆனா நாலு பேர் சேர்ந்து நிண்டாலே ஆமி துவக்கோடை வாற காலம் அது. “போம், கேளும். ஆனா ஒரு சனத்தையும் கூட்டிக்கொண்டு போகாதேயும்.”

விறாந்தையிலை

குருநகர்ப் பைப்படியிலை ஒரு வழக்கம். விடிய வந்து குடத்தை வரிசையிலை வைச்சிட்டு ஆக்கள் தங்கடை அலுவலுக்குப் போயிடுவினம். குடம் நிண்டால் ஆள் நிண்டதுதான். அதை நகர்த்திறவன் மற்றவளின்ரை முறையைத் திருடினவன். சனத்தைத்தானே கொண்டுபோகக் கூடாது? திரேசம்மாவும் மற்றப் பொம்பிளையளும் விடிய வந்து, கரண்டுக் கந்தோர் விறாந்தையிலை இஞ்சினியரின்ரை கதவடியிலை இருந்து கேற் வரைக்கும் வெறுங்குடத்தை வரிசையாய் வைச்சிட்டுச் சந்தைக்குப் போயிட்டினம். காவலுக்கு நான் ஒருத்தன்.

பியோனுக்கு இந்த வழக்கம் தெரியாது. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறதுக்கிடையிலை, விறாந்தை கூட்டவெண்டு எல்லாக் குடத்தையும் மூலையிலை குவிச்சுப்போட்டான். மீன் வித்திட்டு வந்த பொம்பிளையள் அதைக் கண்டினம். ஐயோ, அந்தச் சத்தம்! அண்டைக்குத்தான் இஞ்சினியரின்ரை முகத்தை முதன்முதல் பார்த்தன். “உதுகளை எடுத்துக்கொண்டு போங்கோ!” எண்டு கத்தினார். திரேசம்மா தன்ரை குடத்தைத் தூக்கி, திரும்பவும் அவரின்ரை கதவடியிலை வைச்சுச் சொன்னா: “தண்ணி வந்தால் வரிசை தானாய்க் கலையும், ஐயா.”

அரை மணித்தியாலம்

மத்தியானமே லைன்மன் போனான். பம்படித் தூணிலை பியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான்! அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலத்துக்காக ஒரு குழந்தையை வேக விட்டவங்களை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை. இஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, “இனித் தண்ணிக்கும் நீரே வாரும், குடங்களை மட்டும் அனுப்பாதேயும்” எண்டார். எனக்கு வாழ்த்துப் பத்திரம் வாசிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு வேறை.

அடுத்த நாள் திரேசம்மா ஒரு பாரைமீனோடை கடைக்கு வந்தா. “இண்டைக்குத்தான் அண்ணை, பேரப்பெடியன் அழாமல் குளிச்சவன்.”

வாயாலை கேட்கிறவனுக்குக் கதவு திறக்காத கந்தோரிலை, வாயிருந்தும் பேசாத வெறுங்குடம்தான் எனக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்தது.