நாற்பத்தொரு பொயின்ட்: கற்பிட்டியில் நான் அழுத்திய ஒரு பட்டன்

போன மாதம் கற்பிட்டிக்குப் போய் வந்தேன். வெள்ளி காலை புறப்பட்டு ஞாயிறு பின்னேரம் திரும்பிய சின்னப் பயணம். கடலுக்குப் போகிறவர்களுக்கென்று வந்திருக்கும் புது வரைபட ஆப் ஒன்றைப் பரீட்சித்துப் பார்த்து, வழக்கம்போல இந்த வலைப்பூவில் நட்சத்திரம் போடுவதுதான் திட்டம். நட்சத்திரம் போடவில்லை. ஆப்பின் பெயரையும் சொல்லமாட்டேன், ஏன் என்பது போகப்போக விளங்கும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்து தாறுமாறாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புறக்கோட்டையில் காலை 5.40 பஸ், டிக்கட் 620 ரூபா. சிலாபத்தில் பதினைந்து நிமிடம் நிற்பாட்டுவான், மீன் பணிஸ் சூடாகக் கிடைக்கும். முந்தல், மதுரங்குளி தாண்டிப் பாலாவியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வழி முழுக்க போனில் நாலு கோடு சிக்னல். பரவாயில்லையே, எங்கள் நாடு முன்னேறிவிட்டது என்று குறிப்பெழுதிக்கொண்டு வந்தேன். பிறகு அதே சிக்னலை வாய் வலிக்கத் திட்டினேன்.

10.25க்கு இறங்கி, 300 ரூபா கொடுத்து ஆட்டோவில் களப்பு, அதாவது கடலேரிப் பக்கம் போனேன். அறை இரவுக்கு 4,500. கடலுக்குக் கூட்டிப்போக ஆள் கேட்டபோது, அறைக்காரர் ஒரு மீன்பிடிகாரரைக் கைகாட்டினார்: நசீர் நானா, அதாவது நசீர் அண்ணன். ஐம்பது வயது தாண்டியவர், சொந்தமாக ஒரு ஃபைபர் போட் வைத்திருக்கிறார். மறுநாள் விடிய என்னையும் ஏற்றிப்போக 6,000 ரூபாவுக்குச் சம்மதித்தார். நான் போன், கெமரா விஷயம் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப தம்பி, எனக்கொரு உதவி செய்ய ஏலுமா?” என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அலுமாரியைத் திறந்து, துவாயில் சுற்றிய பழைய கை ஜீபிஎஸ் மெஷின் ஒன்றை எடுத்தார். திரை பாதி செத்துவிட்டது. உள்ளே நாற்பத்தொரு பொயின்ட், அதாவது கடலுக்கடியில் மீன் அடைகிற பாறைத்திட்டுகள் இருக்கும் இடங்கள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுதக்காரர்கள் ஊரைவிட்டு விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுப்புப் பையோடு வந்த குடும்பம். “அங்க எங்கட வாப்பாக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். இங்க வந்தா ஒண்டும் தெரியா. கேட்டாலும் ஒருத்தனும் சொல்லமாட்டான். கயிற்றில ஈயம் கட்டி விட்டு விட்டுப் பாத்துத்தான் இவ்வளவையும் பிடிச்சம்” என்றார்.

வருகிற மாதம் மூத்த மகளுக்கு நிக்காஹாம். மாப்பிள்ளைப் பெடியனும் கடல்காரன்தான். காணியுமில்லை, நகையும் கொஞ்சம்தான். அதனால் இந்தப் பொயின்ட்களில் பாதியை மருமகனுக்குத் தருவதாகச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மெஷின் கண்ணை மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் போனுக்கு மாற்ற வேண்டும். அதுதான் உதவி.

இதைவிட நல்ல பரீட்சை வேறென்ன என்று நினைத்தேன். அவர் போனில் அந்த ஆப்பை இறக்கி, என் கணக்கையே போட்டுத் திறந்து, செத்த திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். ஒன்றரை மணித்தியாலம். நானாவின் மனைவி, ராத்தா, இரண்டு தரம் பால் போடாத பிளேன்டி கொண்டுவந்து வைத்தார். இடையில் திரையில் ஒரு நீண்ட ஒப்பந்தம் வந்தது. வாசிக்காமல் ‘சம்மதம்’ என்பதை அழுத்தினேன். ஆம், நான்தான். எதையும் வாசிக்காமல் அழுத்தாதீர்கள் என்று உங்களுக்கு மாதத்துக்கொரு தரம் புத்தி சொல்கிற அதே நான்.

சனி காலை 5.15க்குக் கடலில் இறங்கினோம். ஏறத்தாழ பதினாலு கிலோமீற்றர் போய்த் தூண்டில் போட்டதும் விளைமீனும் பாரையுமாக ஏறின. தூரத்தில் இன்னொரு போட் பொட்டுப்போலத் தெரிந்தது. உடனே நானா தூண்டிலைச் சுற்றி எடுத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, மீனே இல்லாத திசைக்கு வேகமாக ஓட்டினார். அங்கே பத்து நிமிடம் சும்மா தூண்டில் போட்டுக்கொண்டு இருந்தார். அந்த போட் போனபிறகுதான் திரும்பினோம். இங்கே எல்லோரும் அப்படித்தானாம், மச்சானுக்குக்கூடக் காட்டமாட்டார்களாம். நான் சிரித்தேன். அப்போதாவது என் மண்டையில் ஏதாவது தட்டியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை என்னை மறுபடி வரச்சொன்னார், காசு வேண்டாமென்று. அதே பொயின்ட்டுக்குப் போனால், அங்கே மூன்று போட்கள். உல்லாசப் பயணிகளை ஏற்றிவந்து தூண்டில் போடவைக்கிற போட்கள். அவற்றிலொன்றை ஓட்டிவந்தவன் எங்களைக் கண்டதும் போனைத் தூக்கிக் காட்டி, உடைந்த தமிழில், “சூப்பர் ஆப் அண்ணே! முந்தாநாள் நாப்பது புது இடம் வந்திருக்கு!” என்று சந்தோஷமாகக் கத்தினான். அவன்மேல் பிழையில்லை.

என் போனைத் திறந்தேன். நாற்பத்தொன்றும் எல்லோருடைய வரைபடத்திலும் நீலமாக மின்னுகிறது. பதிகிற எதையும் ஊருக்கே பகிர்வது அந்தக் கோதாரி விழுந்த ஆப்பில் தானாகவே நடக்கிற இயல்பிருப்பாம். நிறுத்துகிற பட்டன் நாலு பக்கம் உள்ளே ஒளிந்திருக்கிறது. எனக்கு விசர் பிடித்துவிட்டது. எவனோ ஒருத்தன் ஏசி அறையில் இருந்துகொண்டு, ‘பகிர்வு’, ‘சமூகம்’ என்று தேன் தடவி எழுதிவைப்பான். நாங்கள் கெட்டிக்காரர்கள், புதுசு என்றால் முதல் ஆளாகப் பாய்ந்து விழுந்து அழுத்துவோம். பிறகு நாசமாய்ப் போவது யார்?

நானாவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவர் கத்தவில்லை. எஞ்சினை நிற்பாட்டினார். “தொண்ணூறுல எங்கள வெளிக்கிடச் சொன்னவன் வாசல்ல வந்து நிண்டு சொன்னான், தம்பி. இந்த ஆப்காரன் சொல்லாமலே எடுத்திட்டானே” என்றார். இரண்டு கன்னத்திலும் அறைந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கரைக்கு வந்ததும் ஆப்காரர்களுக்கு எழுதினேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: உங்கள் பங்களிப்புக்கு நன்றி, ஒருமுறை பகிர்ந்த இடங்கள் சமூகத்துக்குச் சொந்தம். கணக்கை அழித்தேன், இடங்கள் அழியவில்லை. மறுபடி எழுதினேன். இன்றுவரை ஏழு மடல்.

நான் வெளிக்கிடும்போது நானா சம்பந்திக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். “குடுக்கிறன் எண்டு சொன்னது இனி இல்ல. ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. இல்ல, வேற ஒருத்தரும் செய்யல்ல. என்ட பிழைதான்” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார். நிக்காஹ் நடக்குமா என்று கேட்காமலே பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

கற்பிட்டிக்குப் போங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை கடல் அமைதி, திரும்ப 2.15க்கு நேரடி பஸ் இருக்கிறது. கடலில் இருக்கும்போது போனில் இருப்பிடத்தைப் பதியும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். யாராவது எண்களை மாற்றித்தரக் கேட்டால், ஒரு கொப்பியும் பேனையும் வாங்கி எழுதிக்கொடுங்கள். அந்தக் கடலில் உங்கள் வரைபடத்தில் நீலப் புள்ளிகள் தெரிந்தால், தயவுசெய்து அங்கே தூண்டில் போடாதீர்கள். ஆப்பின் பெயரைச் சொன்னால் தேடிப் பார்ப்பீர்கள் என்பதால்தான் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அடையாளம் தெரியும். ஒவ்வொரு புள்ளியையும் தொட்டால் கீழே ‘கண்டுபிடித்தவர்’ என்று வரும். நாற்பத்தொன்றிலும் என் பெயர்தான் இருக்கிறது.